அக்கரையில் ஓடிய மான்

இக்கரைக் காட்டுப் புலி, பக்கத்துச் சிறுகாட்டைப் பிடித்துக்கொண்டது. அதனால் புலி நடத்தும் ஓட்டப்பந்தயத்துக்குத் தன் காட்டிலிருந்து யாரும் போகக் கூடாது என்று அக்கரை யானை சொல்லிவிட்டது.

"அடுத்த பந்தயம் வருவதற்குள் என் கால் தளர்ந்துவிடும், ஐயா" என்றது மான்.

"தெரியும் அம்மா. சிறுகாட்டு முயல்களுக்கு இன்று வளையே இல்லை" என்றது யானை.



பந்தய நாளில் மரங்கொத்தி மரத்தைத் தட்டிப் பந்தயத்தைத் தொடங்கியதும் இக்கரைக் குதிரை பாய்ந்தது. அதே தட்டலுக்கு அக்கரையிலும் ஒரு குளம்புச் சத்தம் கிளம்பியது. மான் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது.

குதிரையின் கழுத்தில் மாலை விழுந்தது. மூச்சு வாங்கியபடியே அது நடுவரான நாரையிடம் கேட்டது: "உண்மையைச் சொல்லுங்கள். முதலில் வந்தது யார்?"

நாரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கரையில் நீதான்."