பதிலுக்கு ஓர் ஆள்

பத்தாவது விரலையும் மெஷின் ஏற்கவில்லை.

அவனுடைய மாமனார் கையை வேட்டியில் துடைத்தார். எண்ணெய்ப் பசைக்காகத் தலைமுடியில் தேய்த்தார். மறுபடி வலது கட்டைவிரலை வைத்தார்.

சிவப்பு விளக்கு.

"ரேகையே இல்லையே பெரியவரே. எங்க தொலைச்சீங்க?" என்றார் ரேஷன் கடைக்காரம்மா.

"தெருத்தெருவாப் பூசிட்டேம்மா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அது உண்மைதான். கடைக்குப் பின்னால் ஐந்து தெருக்கள். முன்பு அவர் நெல் போட்ட நிலம். மனைகளாக விற்றார். பிறகு அதே மனைகளில் எழுந்த வீடுகளுக்குச் சுவர் பூசப் போனார்.

இருபத்திரண்டு வருடம். சிமென்ட் விரலைத் தின்றுவிட்டது.

இப்போது அரிசி எங்கிருந்தோ லாரியில் வருகிறது. வாங்க விரல் வேண்டும்.

தனியாகப் பொங்கித் தின்கிறவர். பானையில் அரிசி நேற்றோடு தீர்ந்தது.

"உங்க பொண்ணு வினோதினி பேரும் கார்டுல இருக்கே. மாசாமாசம் அவங்கதானே வந்து விரல் வைப்பாங்க?"

கல்யாணமாகியும் அவள் பெயரை அந்தக் கார்டிலிருந்து யாரும் மாற்றவில்லை. அப்பாவுக்கு அரிசி வாங்க ஒரு விரல் இருக்கட்டும் என்று அவள்தான் விட்டுவைத்திருந்தாள்.

மாமனார் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறந்துட்டாங்க," என்றான் அவன். "இருபத்தாறு நாளாச்சு."

கடைக்காரம்மா மெஷினைத் தள்ளிவைத்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார்.

"உங்களுக்குப் பதிலா வாங்க ஒரு ஆளை எழுதிக்கலாம். இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

அவனுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

"மாப்ள."

எழுதிக்கொண்டார். "எத்தனை மாசத்துக்கு?"

"மூணு போதும்மா."

"அப்புறம் சோத்துக்கு?"

"பூச்சு வேலையத்தான் விட்டாச்சே. அதுக்குள்ள ரேகை முளைச்சிடும்." குரல் தாழ்ந்தது. "சின்ன வயசு. அவரு வேற கல்யாணம், குடும்பம்னு பாக்க வேணாமா?"

முளைக்குமா?

அவன் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். கல்யாணத்தன்று பிடித்த கை. அதன்பின் இன்றுதான்.

வழவழவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு கோடு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும்.

கடைக்காரம்மா மூன்று என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்தார்.

"இருங்க," என்றான். "மாசக்கணக்கு வேணாம்."