ஒரு சீட்டுக்குத்தான் மை

“பென்சில்ல போட மாட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் ரப்பர் வச்சு அழிச்சிடுவீங்க!”

ஓட்டுச்சாவடி என்றும் பாராமல் டெஸ்மண்ட் கத்தினான். அந்த நேரம் சர்ச் ஹாலில் மூன்றே பேர்தான். மேஜையில் ஒரு பெண், தடுப்புக்குள் அவன், பின்னால் என் முறைக்காக நான்.

“சார், எங்கம்மா காலத்துலேர்ந்து இங்க பென்சில்தான். யாரும் அழிச்சதில்ல.”

“அழிச்சது உனக்கு எப்படிம்மா தெரியும்? அதான் அழிச்சாச்சே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“ஒரு சீட்டைப் பேனாவுல போட்டுட்டேன். அதுக்குள்ள மை தீர்ந்துபோச்சு. இன்னொரு சீட்டு கையில இருக்கு. உன் பேனாவைக் குடு.”

“என் கையில இருக்கிறதும் பென்சில்தான் சார்.”

“எல்லாம் கூட்டுக் களவாணிங்க!”

டெஸ்மண்ட் என் தங்கை ஹேசலின் புருஷன். நானும் அவனும் பேசி முப்பது வருஷம் ஆகிறது. எங்கள் அம்மா செத்த அன்று, ‘கப்பல் காத்திருக்காது’ என்று மீன் பிடிக்கப் போனவன். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

இங்கிலாந்து ஐரோப்பாவோடு சேர்ந்து இருப்பதா, வெளியேறுவதா என்பதற்குத்தான் இந்த ஓட்டு. எங்கள் மீன்பிடி ஊரான க்ரிம்ஸ்பியே ரெண்டுபட்டுக் கிடந்தது. ‘நம்ம கடல்ல நம்ம மீனை அவன் அள்ளிட்டுப் போறான்’ என்று கிளப்பில் மேஜையைக் குத்திக் குத்திப் பேசுவான் டெஸ்மண்ட். அவன் வெளியேறணும் என்றான், அதனால் நான் இருக்கணும் என்றேன். எனக்கு அந்தக் காரணம் போதும்.

ஹேசலுக்கு வேறு காரணம். மகன் கடலுக்கு அந்தப் பக்கம், ஹாலந்தில், ராட்டர்டாமில் வேலை பார்க்கிறான். அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை. ‘நடுவுல வேலி போடாதீங்கடா’ என்பாள். இவன் ஒரு ஜன்னலில் நோட்டீஸ் ஒட்டினால், அவள் அடுத்த ஜன்னலில் எதிர் நோட்டீஸ் ஒட்டுவாள். தெருவே நின்று சிரிக்கும்.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இந்த வாரத்தைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார்கள். தனக்குப் பதிலாக ஓட்டுப் போட இவனைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். கூடப் பிறந்த அண்ணன் நான் இருக்க, இவனை!

அதனால்தான் இவன் கையில் ரெண்டு சீட்டு.

தடுப்பிலிருந்து தலையை நீட்டினான்.

“லென்... வாசல்ல மால்கம் பேனா வச்சிருக்கான். ஒண்ணு வாங்கிட்டு வாயேன்.”

“உனக்கு எடுபிடி வேலை பார்க்கவா வந்தேன்? நீயே போ.”

“சீட்டோட வெளிய விட மாட்டாங்கடா.”

“அப்ப பென்சில்ல போடு. கப்பல் காத்திருக்காது.”

தலை உள்ளே போயிற்று.

பென்சில் கீறுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ரெண்டு சீட்டையும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

பென்சில் ஓட்டை அழிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவன் நம்பினான். ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். எதை அவன் பென்சிலில் போட்டானோ, அது போனால் போகட்டும் என்று விட்டான் என்றுதானே அர்த்தம்?

என் ஓட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசலில் பிடித்தேன்.

“எதைடா பென்சில்ல போட்ட?”

என்னைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான்.

“சாகக் கிடக்கிறவ உன்னை நம்பிக் குடுத்தாளேடா. அவ ஓட்டுதானா கிடைச்சுது உனக்கு, ரப்பருக்குக் குடுக்க?”

என் சத்தம் கேட்டு மால்கம் வந்தான். கிளப்பில் இவனோடு உட்கார்ந்து குடிக்கிறவன். காலையிலிருந்து வெளியேறுகிற கட்சிக்காரர்களுக்கெல்லாம் பேனா கொடுத்துக்கொண்டிருந்தான்.

“இவன் கிடக்கிறான், விடு டெஸ். ரெண்டு ஓட்டும் நமக்குத்தானே?”

“ஒண்ணுதான்.”

“என்னது?”

“அவளுதை அவ சொன்னபடி போட்டேன்.”

மால்கம் முகம் சுருங்கியது. பிறகு தானே சமாதானம் ஆனான்.

“சரி, பொண்டாட்டி சொல்லைத் தட்ட முடியல. போகட்டும். பேனாவுல போட்டது நம்ம ஓட்டைத்தானே?”

“அதுக்கு மை வரல, மால்கம்.”

“டேய்!” மால்கம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “பேனா குடுத்தது நான்! அதை எடுத்துட்டுப் போய் நமக்கு எதிரா போட்டிருக்க. நம்ம ஓட்டைப் பென்சில்ல போட்டிருக்க. உனக்கு மூளை இருக்கா? அழிச்சிட்டாங்கன்னா?”

டெஸ்மண்ட் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

“அழிச்சா என்னுதை அழிக்கட்டும். நான் இன்னொரு தடவை போட்டுக்குவேன். ஹேசல் இனிமே எங்க போடப்போறா?”