மடலின் அடியில்

குடியிருப்போர் குழுவிலிருந்து வந்த மின்னஞ்சலுக்கு, "எங்க பிளாக்லயும் தண்ணி வரல" என்று வேனில்மதி அவசரமாகப் பதில் போட்டாள். அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் விவரங்களை அவள் பார்க்கவில்லை. பெயர், வீட்டு எண், கைபேசி எண், மணிக்கட்டில் கட்டிய பட்டை அவள் உடலை அவ்வப்போது அளந்து சொல்வது எல்லாம் அதில் வரும்.

சற்று நேரத்தில் குடியிருப்பே வாழ்த்தியது. ஒவ்வொரு வாழ்த்துக்குக் கீழேயும் அவளுடைய மடல் முழுதாகத் தொங்கியது. அதன் கடைசி வரி, 'கரு: எட்டாவது வாரம்.'

கணவன் செழியன் கைபேசியுடன் வந்து நின்றான். "எங்கிட்டகூடச் சொல்லலையே நீ."

"மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன். போன தடவை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நாம பட்டது போதாதா?"

"மூணாவது மாடி அக்கா இப்பவே வளையல் அளவு கேக்கறாங்க. ஒரு நன்றியாவது போடு."

"நன்றி" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அதன்பின் வாழ்த்து எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து அந்த அக்காவின் பதில் மட்டும் வந்தது. "வேனிலு, வீட்லதானே இருக்கே? கதவைத் தொறம்மா, வந்துட்டிருக்கேன்."

அதன் கீழே அவளுடைய 'நன்றி' இருந்தது. அதன் அடியில், 'கரு: துடிப்பு இல்லை.'

அதற்கும் கீழே வாழ்த்துகள் வரிசையாகத் தொங்கின.