முன் வரிசை

மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து, பாட்டுக் குழுவை நடத்தும் டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, நாளைக்கு நீங்க வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்."

வெல்டர் பாட்டுத் தாளை மடித்தார். "பட்டறையில கத்திக் கத்தி தொண்டை இப்படி ஆயிடுச்சு டீச்சர். ஆனா ஹாஸ்டல்ல இருந்து எம் பொண்ணு வருது. அப்பா பாடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். அவ முன்னாடி நாலு பேர் சிரிக்கக் கூடாதில்ல? முன் வரிசையில நடுவுல நிறுத்துறேன். அவ கண்ணுக்கு நீங்கதான் முதல்ல தெரிவீங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "சரிங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் பாட்டு பிசிறில்லாமல் அமைந்தது. யார் மனதையும் புண்படுத்தாமல் முடித்துக் கொடுத்ததற்காக டீச்சர் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

மேடையை விட்டு இறங்கி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வெள்ளைக் கோலால் தரையைத் தட்டிக்கொண்டே டீச்சரின் குரல் வந்த பக்கம் வந்தாள்.

"டீச்சர், ஒவ்வொரு குரலா கவனிச்சுக் கேட்டேன். எங்கப்பா குரல் மட்டும் இல்லை. வெல்டருங்க. இன்னைக்கு அவர் வரலீங்களா?"

டீச்சருக்குப் பின்னால் நின்ற வெல்டர் அப்போதும் வாய் திறக்கவில்லை.