கெட்டுப்போன ஜாடி

பூவிலும் வேரிலும் இருந்து வாசனைத் திரவியம் தயாரிக்கக் கற்றுத்தரும் அந்த வகுப்புக்கு முதல் ஆளாக வருவது மீசைக்காரர்தான். பாடத்தில் கடைசியும் அவர்தான்.

"இது என்னன்னு சொல்லுங்க?" என்று ஆசிரியை வாசனை எண்ணெய் தடவிய காகிதத்தை நீட்டினால், கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுப்பார்.

"எலுமிச்சைங்களா?"

"சந்தனம் சார்!"

வகுப்பே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

'இவருக்கு இது சரிப்பட்டு வராது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்' என்று ஆசிரியை முடிவெடுத்த அன்று, மீசைக்காரர் தான் மல்லிகை ஊறப்போட்டிருந்த எண்ணெய் ஜாடியைத் திறந்தார். ஈரம் காயாமல் போட்ட பூ அழுகிப்போயிருந்தது.

எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். மீசைக்காரரோ ஜாடிக்குள் மூக்கை நுழைத்தார். அவர் கண் கலங்கியது.

"நாறுது மேடம்! குடலைப் பிடுங்குற மாதிரி நாறுது!" என்று குதித்தார்.

"அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு சந்தோஷம்?"

"நான் ஹோட்டல் சமையல்காரன் மேடம். ஒரு காய்ச்சல்ல மூக்கே செத்துப்போச்சு. வேலைக்குப் போக முடியலை. விதவிதமா மோந்து பழகுங்கன்னு டாக்டர் சொன்னார். அதான் இங்க வந்து சேர்ந்தேன்."

எண்ணெய்க் கையோடு மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விஷயத்தைக் கத்தினார். மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாகச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது.

"அப்போ... இனிமே என் சமையல்ல குறை கண்டுபிடிக்க ஆரம்பிச்சிடுவீங்களா?"