நாலாவது ஓட்டை

"போன மாசம்தான் பூசினே. அதுக்குள்ள பொத்தலா? இனிமே பெயிண்டர்னு வெளியில சொல்லிக்காதே!"

கத்தியவரை ஆபீஸில் 'தங்கமான மனுஷன்' என்பார்கள். அதிர்ந்துகூடப் பேச மாட்டாராம். நாமும் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம், என்ன கெட்டுப்போச்சு!

பெயிண்டர் சுவர்கிட்டே போனார். ஹாலில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். அதில் தங்கத்தின் தோள் உயரத்துக்கு, ஒரு முஷ்டி அளவு ஓட்டை. இதே சுவரில் அவர் அடைக்கப்போகும் நாலாவது ஓட்டை.

"எப்படி சார் ஆச்சு?"

"கதவு இடிச்சுது."

பெயிண்டர் கதவைப் பார்த்தார். அது எதிர்ச்சுவரில் இருந்தது. பாவம், நடந்து வந்து இடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்!

"போன தடவை பந்து பட்டுச்சுன்னீங்க..."

"நீ என்ன போலீஸா? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் மச்சான் வர்றான். எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்கிற ஆளு. சுவர்ல ஒரு பொட்டு தெரியக் கூடாது."

சொல்லிவிட்டுத் தங்கம் குளிக்கப் போனார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணன் போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன்னுதான் வாயில வருது," என்றாள் மெதுவாக. "நேர்ல கேட்டாலும் அதைத்தான் சொல்லப்போறேன். அடுத்த அடி சுவர்லதான் விழும்னு என்ன நிச்சயம்? ரொம்பப் பயமா இருக்குங்க."

பெயிண்டர் மேற்கு ஜன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓட்டையைச் சதுரமாக வெட்டினார். பலகைத் துண்டு பொருத்தி, வலை நாடா ஒட்டி, பட்டி பூசினார். அதோடு விடாமல் பழைய மூன்று இடங்களையும் சுரண்டிப் புதுசாகப் பட்டி பூச ஆரம்பித்தார்.

குளித்துவிட்டு வந்த தங்கம் பாய்ந்தார். "அதை எதுக்குய்யா நோண்டுறே?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்ல சார்."

மறுநாள் காலையில் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மத்தியானத்துக்குள் சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டுக் கிளம்பினார். தங்கம் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "நாலு வார்த்தை திட்டினாத்தான் உங்களுக்கெல்லாம் வேலை ஓடுது," என்றார்.

சரியாக அஞ்சு மணிக்கு மச்சான் வந்தான். மாப்பிள்ளையின் உபசாரம் தாங்க முடியவில்லை.

"உங்க தங்கச்சிய ஒரு வார்த்தை அதட்டியிருப்பேனா மச்சான்? நீங்களே கேளுங்க."

அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். "நல்லா இருக்கேண்ணே," என்றாள் தரையைப் பார்த்து.

அப்போது மேற்கு ஜன்னல் வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழுந்தது. வழவழவென்றிருந்த சுவரில் நாலு மேடுகள் நிழலோடு எழும்பின. நாலும் ஒரே உயரம். நாலும் அவள் முகத்துக்கு நேராக இருந்தன.

அண்ணன் எழுந்து போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"அது... கதவு இடிச்சுது மச்சான்."

"நாலு தடவையுமா?" அண்ணன் தங்கச்சியிடம் திரும்பினான். "நீ சொல்லும்மா."

"கதவு இல்லண்ணே," என்றவள் உடைந்து அழுதாள்.

பத்தே நிமிஷம். அண்ணனும் தங்கச்சியும் பெட்டியோடு வெளியேறிவிட்டார்கள். தங்கம் போனில் பெயிண்டரைப் பிடித்தார்.

"டேய்! தேய்ச்ச லட்சணமாடா இது? வெயில் பட்டதும் நாலும் பல்லைக் காட்டுது! தொழில் தெரியாத கழுதை!"

"தொழில் தெரியும் சார். முன்னாடி மூணு தடவையும் எந்த வெயில்லயும் தெரியாத மாதிரி மூடிக் கொடுத்தேனே, அதுதான் சார் நான் பண்ணின தப்பு."