முனிவேலின் நடை

"இன்னிக்கு ஒரு தடவைன்னு நீ கெஞ்சுனதாலதான் வந்தேன். இனிமே அந்த நடக்கற மெஷின்ல ஏற மாட்டேன்" என்றார் எல்லப்பன்.

பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தின் வராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் மனைவி நாகம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து எல்லப்பன் வேலைக்குப் போகவில்லை.

"இறங்குன உடனே நேரா நடக்கறேன், சரி. வெளி கேட்டுக்குப் போறதுக்குள்ள மறுபடியும் நொண்டி. இதுக்கா ஓசூர்லருந்து மேம்பாலம் கட்டுற தூசியெல்லாம் தின்னுட்டு வரணும்?"

உள்கதவு திறந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வெளியே வந்தவரைப் பார்த்ததும் எல்லப்பனின் முகம் மாறியது. முனிவேல்.

ஓசூரில் மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் இருவரும் ஒரே ஷிப்டு. எல்லப்பன் காத்திருந்த சூப்பர்வைசர் வேலை முனிவேலுக்குப் போனது. பிறகு அவர் சூளகிரியில் புதிதாக வந்த கம்பெனிக்கு மாறிவிட்டார். அன்றிலிருந்து எல்லப்பன் அவரோடு பேசுவதில்லை.

முனிவேல் லேசாகச் சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார். எல்லப்பன் வராந்தாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் நொண்டிய மனிதர் கேட்டை நெருங்க நெருங்க நிமிர்ந்து, தெருவில் சாதாரணமாக நடந்து போனார்.

"பார்த்தியா நாகு? எனக்கு நேர் நடை கேட்டு கிட்ட போயிடுது. அவனுக்கு கேட்டு கிட்ட வந்துடுது. அவனுக்கு மட்டும் என்னா தனி வைத்தியம்?"

"எனக்கு என்னாங்க தெரியும்? உள்ள போய்க் கேளுங்க."

எல்லப்பன் எழுந்து போனார்.

அந்த மெஷினில் இரண்டு பெல்ட்டுகள், காலுக்கு ஒன்று. ஒன்று வேகமாக ஓடும், மற்றது மெதுவாக. ஈடுகொடுத்து நடக்க நடக்க உடம்பு தானே புது நடையைப் பழகிக்கொள்ளும். பழகியது கொஞ்ச நேரம்தான் தங்கும், விடாமல் செய்தால் நிலைக்கலாம் என்று ஆராய்ச்சி மாணவி ஸ்வாதி முன்பே சொல்லியிருந்தாள்.

"முனிவேலுக்கு எவ்வளவு ஸ்பீடு வெக்கிறீங்கம்மா?"

"அது அவருக்கு சார். இது உங்களுக்கு."

அந்தப் பதில் எல்லப்பனை உறுத்தியது. அடுத்த வாரம் அவரே நாகம்மாவை அவசரப்படுத்தி பஸ் ஏறினார். ஆனாலும் முனிவேல் அதற்கு முன்பே வந்திருந்தார். அதே நொண்டல், கேட்டருகே அதே நிமிர்வு. வீட்டில் சாப்பிடும்போதும், "அவன் பொண்டாட்டி என்னாத்த ஆக்கிப் போடறாளோ" என்றார். அவன் ஒரு தெரு நடந்தால் நான் இரண்டு தெரு நடக்கிறேன் என்று காலையும் மாலையும் மூக்கண்டப்பள்ளித் தெருக்களில் வியர்க்க வியர்க்க நடந்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் நேர்நடை கேட்டைத் தாண்டியது. பிறகு பஸ் நிறுத்தம் வரை வந்தது. ஒருநாள் ஓசூரில் பஸ் இறங்கி வீடு போகும் வரைக்கும் நிலைத்தது.

அடுத்த முறை போனபோது முனிவேலைக் காணோம்.

"அவன் எங்கம்மா? நான் நடக்கறத அவன் பார்க்கணும்" என்றார் எல்லப்பன்.

"அவர் இனிமே வர மாட்டார் சார். அவரோட வேலை முடிஞ்சுது."

"அவனுக்கு அதுக்குள்ள முழுசா சரியாயிடுச்சா?"

ஸ்வாதி தயங்கி நாகம்மாவைப் பார்த்தாள். நாகம்மா தலை குனிந்துகொண்டாள்.

"அவருக்குப் பக்கவாதமே வந்ததில்ல சார். நல்லா நடக்கறவங்க இதுல ஏறி இறங்கினா கொஞ்ச நேரம் நொண்டுவாங்க, அப்புறம் தானா சரியாயிடும். ஆராய்ச்சிக்கு அப்படி ஒருத்தர் வேணும்னு சொன்னேன். உங்க மனைவிதான் சூளகிரிக்குப் போய் அவரைக் கூட்டிட்டு வந்தாங்க. 'எங்க வீட்டுக்காரரு எனக்காக நடக்க மாட்டாரும்மா, இவரைப் பார்த்தா நடப்பாரு'ன்னு சொன்னாங்க."